திரவத்தில் வளரும் வாழைத் திசு: கன்று வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாழைச் சாகுபடிப் பயிற்சி ஒன்றின் இடைவேளையில், ஒரு விவசாயி தன் செல்போனில் இருந்த வீடியோவைக் காட்டினார். கண்ணாடிக் குடுவைகள் ஒரு மேடையில் வட்டமாக ஆடிக்கொண்டிருக்கின்றன. உள்ளே கஞ்சித் தண்ணீர் போல ஒரு திரவம், அதில் ரவை போல ஏதோ மிதக்கிறது. "சார், இது தண்ணியில வளர்த்த திசு வாழையாம். சாதாரண திசுக் கன்னைவிட சீக்கிரம் வருமாம், வாடல் நோயும் வராதாம். கன்னுக்கு ரெண்டு ரூபா குறைச்சுத் தர்றேங்கிறாங்க. வாங்கலாமா?" என்று கேட்டார்.

ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 கன்று பிடிக்கும். கன்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் ஏக்கருக்கு 2,420 ரூபாய் மிச்சம். அதே ஏக்கரில் நூற்றுக்கு ஐந்து கன்று ரகம் மாறிப்போனால் 60 மரங்கள் உருப்படியான தார் தராது. ஓராண்டுத் தண்ணீர், உரம், முட்டு, கூலி எல்லாம் அந்த 60 மரத்துக்கும் சேர்த்துத்தான் செலவாகியிருக்கும். ஒரு தார் என்ன விலைக்குப் போகிறது என்பதை உங்கள் ஊர் நிலவரப்படி நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அவர் சொன்னதில் ஒன்று உண்மை, ஒன்று பாதி உண்மை, ஒன்று முழுப் பொய். திரவத்தில் தாவரத் திசு வளரும் என்பது உண்மை. சீக்கிரம் வரும் என்பது ஆய்வகத்துக்குப் பொருந்தலாம், உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது. வாடல் நோய் வராது என்பது பொய்.

கடற்பாசியும் தண்ணீரும்

வழக்கமான திசு வளர்ப்பில், பக்கக்கன்றின் கிழங்குக்குள் இருக்கும் குருத்து நுனியை எடுத்து, கிருமி நீக்கி, ஊட்டச்சத்துக் கூழில் வைக்கிறார்கள். அந்தக் கூழை இறுக வைப்பது அகர். நோன்புக் காலத்தில் வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சும் அதே கடற்பாசிதான். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று பெண்கள் மூழ்கி எடுக்கிறார்களே, அவற்றிலிருந்தும் அகர் எடுக்கப்படுகிறது. ஒரு லிட்டர் ஊடகத்துக்கு 6 முதல் 8 கிராம் வரை அகர் தேவை. திசு வளர்ப்புத் தரத்தில் அதன் விலை அதிகம். ஊடகச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும்.

அகரை விட்டுவிட்டால் மீதி இருப்பது திரவ ஊடகம். தழை, மணி, சாம்பல் சத்து உப்புகள், நுண்ணூட்டங்கள், சர்க்கரை, வைட்டமின்கள், வளர்ச்சி ஊக்கிகள் எல்லாம் தண்ணீரில் கரைந்திருக்கும். முராஷிகேயும் ஸ்கூக்கும் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த உப்புக் கலவையைத்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வகங்கள் வாழைக்கும் பயன்படுத்துகின்றன.

திரவத்தில் சத்து திசுவின் எல்லாப் பக்கமும் படும். திசு வெளியிடும் கறை ஒரே இடத்தில் தேங்காமல் பரவிவிடும். வாழைக் கிழங்கை வெட்டினால் கை கறுக்கிறதல்லவா, அதே கறைதான் கூழில் திசுவைச் சுற்றித் தேங்கி அதைக் கருக்கிவிடும். வேலையாட்கள் ஒவ்வொரு துண்டாக எடுத்துப் புதிய கூழில் ஊன்ற வேண்டியதில்லை, பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதும். ஆய்வகம் நடத்துபவர் திரவத்துக்கு ஆசைப்படுவது இதனால்தான், அதில் தவறில்லை.

ஆனால் செடி மீன் அல்ல. முழு நேரமும் மூழ்கிக் கிடந்தால் காற்று கிடைக்காது. அதனால்தான் குடுவையை ஆட்டும் மேடையில் வைத்துச் சுழற்றுகிறார்கள். அப்படியும் தளிர்கள் ஊறிப்போய்க் கண்ணாடி போல ஆவது உண்டு. இலை தடித்து, ஒளி ஊடுருவும் பச்சையாக, தொட்டால் நொறுங்குவதாக இருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருக்காது, இலைத்துளைகள் சரியாக மூடாது. குடுவைக்குள் செழிப்பாகத் தெரியும் செடி, வெளியே எடுத்த அரை மணி நேரத்தில் துவண்டுவிடும்.

இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். செடியை நாள் முழுவதும் மூழ்க வைக்காமல், ஒரு நாளில் சில முறை, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் மட்டும் நனைப்பது. பிரான்சின் சிராட் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் உருவாக்கிய ரீட்டா என்ற கலன் இப்படி வேலை செய்கிறது. கீழ் அறையில் திரவம், மேல் அறையில் செடிகள். வடிகட்டிய காற்றை அழுத்தத்தோடு செலுத்தினால் திரவம் மேலே ஏறிச் செடிகளை நனைக்கும். காற்றை நிறுத்தினால் திரவம் கீழே இறங்கிவிடும். கியூபாவில் கரும்பு, அன்னாசியில் இரண்டு பாட்டில்களைக் குழாயால் இணைத்து இதே வேலையைச் செய்தார்கள். நம் வயலில் நீர் பாய்ச்சி, காய விட்டு, மறுபடி பாய்ச்சுகிறோமே, அதே கணக்குதான்.

ஒரே செல்லில் இருந்து ஒரு வாழை

இதுவரை சொன்னது தளிர்களைத் திரவத்தில் பெருக்குவது. வீடியோவில் ரவை போல மிதந்தது வேறு சரக்கு. அது செல் மிதவை வளர்ப்பு. இரண்டையும் 'தண்ணியில வளர்த்தது' என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். விவசாயிக்கு இந்த வித்தியாசம் தெரிவது நல்லது.

தனித்தனிச் செல்லைத் திரவத்தில் வளர்த்து முழுச் செடி ஆக்கலாம் என்ற எண்ணம் நூறு ஆண்டுக்கு மேல் பழையது. ஹேபர்லாண்ட் என்ற தாவரவியலாளர் 1902இல் முயன்றார். செல்கள் சில காலம் உயிரோடு இருந்தன, பெருகவில்லை. பிறகு வழி திறந்ததில் நம் தென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. 1941இல் வான் ஓவர்பீக் ஊமத்தையின் மிக இளம் கருக்களைத் தேங்காய்த் தண்ணீர் சேர்த்து வளர்த்துக் காட்டினார். 1958இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் குழுவினர், தேங்காய்த் தண்ணீர் கலந்த திரவத்தில் கேரட் செல்களை வளர்த்து, அவற்றிலிருந்து வேரும் தண்டும் உள்ள கேரட் செடிகளை வரவழைத்தார்கள்.

கேரட் இளகிய மனது கொண்டது. வாழை அப்படியில்லை. வாழையில் இதைச் செய்ய, தார் விட்டு முடித்த பின் கீழே தொங்கும் வாழைப்பூவின் நுனியை எடுக்கிறார்கள். மடல்களை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், விரல் நுனி அளவு வெள்ளை மொட்டு மிஞ்சும். அதன் உச்சியை ஒட்டிய மிக இளம் ஆண்பூக் கொத்துகளை, நுண்ணோக்கியில் பார்த்துப் பிரித்து, 2,4-டி சேர்த்த கூழில் இருட்டில் வைக்கிறார்கள். ஆம், வயலில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கிறோமே, அதே 2,4-டிதான். லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் அது செல்களைப் பெருகத் தூண்டும் ஊக்கி. அளவு கூடினால் களைக்கொல்லி.

பிறகு காத்திருப்பு. மூன்று மாதம், நான்கு மாதம், சில சமயம் ஆறு மாதத்துக்கும் மேல். வைத்த கொத்துகளில் மிகச் சிலவற்றில் மட்டும் வெளிர் நிறத்தில், பொலபொலவென்று, கரு உருவாக்கும் திறன் கொண்ட திசு திரளும். மற்றவை கருத்துப்போகும், அல்லது பயனில்லாத மஞ்சள் கட்டியாக வளரும். நல்ல திசுவைத் தேர்ந்தெடுத்துத் திரவத்தில் போட்டு ஆட்டும் மேடையில் வைத்து, ஒன்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரவத்தை மாற்ற வேண்டும். மீண்டும் சில மாதம். சிறியதாக, உள்ளே சரக்கு அடர்ந்ததாக இருக்கும் செல்தான் கரு ஆகும். நீளமாகி உள்ளே வெறும் நீர் நிரம்பிய செல் எத்தனை பெருகினாலும் பயன் இல்லை. சல்லடையில் வடித்து, நல்லதை மட்டும் தக்கவைத்துக்கொண்டே வர வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு ஒரு நல்ல மிதவை கிடைத்துவிட்டால் அதன் வேகம் வேறு. குருத்து நுனியில் ஒரு சுற்றுக்கு மூன்று மடங்கு என்று வைத்தால், எட்டுச் சுற்றில் கணக்குப்படி 6,561 தளிர் வரும். நடைமுறையில் அழுகல், வீண் எல்லாம் போகக் குறையும். நல்ல மிதவையில் ஒரு மில்லி செல்லில் இருந்தே பல்லாயிரம் கருக்கள் உருவாக முடியும். ஆனால் பூ நுனியை வெட்டிய நாளிலிருந்து முதல் செடி கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகிவிடும். 'சீக்கிரம் வரும்' என்பது பாதி உண்மை என்று சொன்னது இதற்காகத்தான். தோட்டத்தில் நட்ட பிறகு அது பூக்கும் நாளும் அறுக்கும் நாளும் அந்த ரகத்தின் இயல்பையும் உங்கள் பராமரிப்பையும் பொறுத்தவை. கண்ணாடிக் குடுவைக்கு அதில் பங்கு இல்லை.

பிழையும் சேர்ந்து பெருகும்

இந்த முறையின் பலமே அதன் ஆபத்தும். ஒவ்வொரு செடியும் ஒரு செல்லில் இருந்து வருகிறது. அந்தச் செல்லில் குரோமோசோம் பிசகியிருந்தால், செடி முழுவதும் பிசகியிருக்கும். மிதவையின் தொடக்கத்திலேயே பிசகு நேர்ந்திருந்தால், அதன் வழி வந்த ஆயிரக்கணக்கான கன்றுகளிலும் அது இருக்கும். குடுவை பழையதாக ஆக இந்த வாய்ப்பு கூடும், கரு உருவாக்கும் திறனும் குறையும். நல்ல ஆய்வகங்கள் மிதவை இளசாக இருக்கும்போதே ஒரு பகுதியை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்துவிடுவதும், பழைய குடுவையைத் தயங்காமல் கொட்டிவிடுவதும் இதனால்தான். செலவைப் பார்த்துப் பழைய குடுவையையே ஓட்டிக்கொண்டிருப்பவரிடம் கன்று வாங்கினால் நட்டம் நம்முடையது.

குருத்து நுனி முறையிலும் இதே விதி, சற்று மெதுவாக. எட்டுச் சுற்றுக்கு மேல் பெருக்காமல், புதிய தாய்க்கன்றிலிருந்து மறுபடி தொடங்குவதே பொதுவாக ஏற்கப்பட்ட நடைமுறை. ஒன்பதாவது சுற்றும் பத்தாவது சுற்றும் ஆய்வகத்துக்குக் கிட்டத்தட்ட இலவசக் கன்றுகள் என்பதை நினைவில் வையுங்கள். விலை குறைவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜி-9 போன்ற கேவண்டிஷ் ரகங்களில் அதிகம் தென்படும் பிசகு குட்டை மரம். இலை நீளம் குறைந்து அகலமாகி, காம்புகள் நெருக்கமாக அடுக்கியது போலத் தெரியும். சிலவற்றில் இலை தடித்து ரப்பர் போலவும், ஓரம் நெளிந்தும், வெளிர்த் திட்டுகளுடனும் இருக்கும். இதை முடிக்கொத்து நோய் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள். முடிக்கொத்தில் இலைக்காம்பிலும் நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சைக் கோடும் புள்ளியுமாகத் தெரியும், புது இலைகள் குறுகி நிமிர்ந்து ஓரம் மஞ்சளாகும். முடிக்கொத்து என்றால் கிழங்கோடு உடனே அழிக்க வேண்டும், அசுவினி அதைப் பக்கத்து மரத்துக்குக் கொண்டுபோகும். ரக மாற்றம் பரவாது, ஆனால் அந்த மரத்திலிருந்து கன்று எடுத்துவிடக் கூடாது.

வைரஸ் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. திசு வளர்ப்பில் வந்தாலே வைரஸ் இருக்காது என்று நினைக்கிறார்கள். தாய் மரத்தில் வைரஸ் இருந்தால் குடுவைக்குள்ளும் வரும், கன்றோடு சேர்ந்து அதுவும் பெருகும். தாய்க்கன்றைப் பரிசோதித்த பிறகே பெருக்கத் தொடங்க வேண்டும். கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து எப்படிச் சீரழித்தது என்பது அந்தப் பகுதியினருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே வைரஸ் இல்லாத திசுக் கன்றுகள் உதவின என்றால், முதலில் பரிசோதனை நடந்தது என்பதால்தான். பூவன் விவசாயிகள் இன்னும் சற்றுக் கவனமாக இருக்க வேண்டும். பால்பிசியானா என்ற காட்டு வாழையின் வழி வந்த ரகங்களில், வாழைக் கீற்று வைரஸின் மரபுப்பொருள் மரத்தின் சொந்த மரபணுவோடு கலந்தே இருப்பதுண்டு. சில ரகங்களில் திசு வளர்ப்பின் அழுத்தமே அதைத் தூண்டிவிடலாம்.

வாடல் நோய் விஷயம்

சுத்தமான கன்று வேறு, எதிர்ப்புத் திறன் உள்ள கன்று வேறு. பனாமா வாடல் பூஞ்சை மண்ணில் பல்லாண்டு காலம் கிடக்கும். ஆய்வகக் கன்று அந்தப் பூஞ்சையை உங்கள் நிலத்துக்குக் கொண்டுவராது, அவ்வளவே. ஏற்கெனவே வாடல் கண்ட நிலத்தில் ரஸ்தாளித் திசுக் கன்றை நட்டால், பக்கக்கன்று போலவே அதுவும் வாடும். பீகார், உத்தரப் பிரதேசத்தில் ஜி-9 வாழையையும் தாக்கும் டிஆர்4 என்ற வகை வந்துவிட்டது. கண்ட இடத்திலிருந்து கிழங்கும் மண்ணும் ஏற்றி வருவதைவிடத் திசுக் கன்று பாதுகாப்பானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை நோய் எதிர்ப்பு என்று விற்பது ஏமாற்று.

உண்மையில் வாடலுக்கு எதிராகச் செல் மிதவை வேறு விதத்தில் பயன்படுகிறது. நாம் உண்ணும் வாழையில் விதை இல்லாததால் இனக்கலப்பு செய்து புது ரகம் எடுப்பது மிகக் கடினம். ஒரு செல்லில் மாற்றம் செய்து அதிலிருந்து முழு மரம் எடுக்க முடிந்தால் அந்தத் தடையைத் தாண்டலாம். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் நம் ரஸ்தாளியின் செல் மிதவையில் மரபணுவைச் செலுத்திச் செடியாக்கிக் காட்டியது 2001இல் வெளியானது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் டேல் குழுவினர், காட்டு வாழையின் மரபணு ஒன்றைக் கிராண்ட் நைன் செல்களில் சேர்த்து உருவாக்கிய டிஆர்4 எதிர்ப்பு வாழைக்கு 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு அனுமதி அளித்தது. அது நம் நாட்டில் விற்பனையில் உள்ள கன்று அல்ல. யாராவது அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் போலீஸுக்கே போகலாம்.

நித்தியகல்யாணிக்கும் போட்டியா?

தென் மாவட்டங்களில் மானாவாரியாக நித்தியகல்யாணி போடும் சிலர், மருந்துப் பொருளைத் தொழிற்சாலைத் தொட்டியில் செல்லாகவே வளர்த்துவிட்டால் நம் வேரையும் இலையையும் யார் வாங்குவார்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். ஜப்பானில் மிட்சுயி நிறுவனம் 1983இல் ஷிகோனின் என்ற சிவப்புச் சாயத்தைச் செல் வளர்ப்பில் எடுத்து விற்கத் தொடங்கியது. புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலும் யூ மரச் செல்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து எடுக்கப்படுகிறது. கேரட் செல்லில் உருவாக்கிய ஒரு மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஆனால் நித்தியகல்யாணியின் விலை மதிப்புள்ள வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் மிதவைச் செல்லில் சரியாக உருவாவதில்லை. அவற்றுக்குத் தேவையான ஒரு பாதிப் பொருள் இலையின் சிறப்புச் செல்களில்தான் தயாராகிறது. தொட்டியில் மிதக்கும் செல்லுக்கு இலை ஆகத் தெரியாது. இலைக்கான விலை ஏறி இறங்குவதற்கு வேறு காரணங்கள் உண்டு, அதற்கு இந்தக் குடுவைகளைக் குறை சொல்ல வேண்டாம்.

சொந்தமாக ஆய்வகம்

விவசாயப் பட்டம் முடித்த இளைஞர்கள் சிலர், அகர் செலவில்லாத திரவ முறையில் சிறிய ஆய்வகம் தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்வேன். தாவரச் செல் ஒருமுறை இரட்டிப்பாக ஒரு நாளுக்கு மேல் ஆகும், பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிப்பாகும். கூழில் ஒரு மூலையில் பூஞ்சை வந்தால் கண்ணுக்குத் தெரியும், பக்கத்துத் துண்டுகளைச் சில சமயம் காப்பாற்றலாம். திரவத்தில் ஒரு கிருமி விழுந்தால் மறுநாள் குடுவை முழுக்க மோர் போல வெளுத்திருக்கும். கலன் பெரிதாகப் பெரிதாக ஒரே நாளில் போகும் கன்றும் பெரிது. 121 டிகிரியில் 15 பவுண்டு அழுத்தத்தில் கிருமி நீக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் கடினப்படுத்தும் நாற்றங்கால் நடத்திப் பார்ப்பது நல்லது. அதில் கை பழகியவருக்குத்தான் நல்ல குடுவைக் கன்று எது, ஊறிப்போன கன்று எது என்று தெரியும்.

வாங்கும்போது

கன்று கூழில் வளர்ந்ததா, திரவத்தில் வளர்ந்ததா என்பதைவிட முக்கியமான கேள்விகள் உண்டு. தாய்க்கன்று எங்கிருந்து வந்தது, எந்தெந்த வைரஸுக்குப் பார்த்தார்கள், எத்தனை சுற்றுப் பெருக்கினார்கள் என்று கேளுங்கள். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006 முதல் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கான தேசியச் சான்றளிப்பு முறையை நடத்திவருகிறது. இதில் ஆய்வகத்துக்கு அங்கீகாரம் கொடுப்பது வேறு, ஒரு தொகுதிக் கன்றுகளை வைரஸுக்கும் மரபு ஒற்றுமைக்கும் சோதித்துச் சான்று அட்டை கொடுப்பது வேறு. சுவரில் மாட்டிய அங்கீகாரச் சான்றைக் காட்டினால், "நான் எடுத்துப் போகும் தொகுதிக்கான அட்டை எங்கே?" என்று கேளுங்கள்.

குடுவையிலிருந்து எடுத்தவுடனோ, குழித்தட்டிலோ விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஆசைப்பட வேண்டாம். ஊறிப்போன கன்று அந்தக் கட்டத்தில்தான் சாகும், அந்தச் சாவு உங்கள் கணக்கில் விழும். குழித்தட்டு, பிறகு பாலிதீன் பை என்று இரண்டு கட்டமும் கடினப்படுத்தி, ஒரு அடி உயரத்தில் ஐந்தாறு இலையோடு இருக்கும் கன்றை வாங்குங்கள். ஒரு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள், வெள்ளையாகப் பை நிறைய இருக்க வேண்டும். வரிசையில் நின்று பார்த்து, குட்டையாக, அடுக்கு இலையோடு தனித்துத் தெரிவதை நாற்றங்காலிலேயே ஒதுக்குங்கள். ஏக்கருக்கு ஐம்பது கன்று கூடுதலாக வாங்கிப் பையிலேயே வைத்திருந்தால் போக்கிடம் நிரப்ப உதவும்.

நட்டபின் மூன்றாம் மாதமும் ஐந்தாம் மாதமும் வரிசை வரிசையாக நடந்து, மாறுபட்ட மரங்களில் நாடா கட்டி எண்ணிக்கை எழுதி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். பில்லில் ரகம், தொகுதி எண், தேதி மூன்றும் எழுதி வாங்கியிருந்தால்தான் பிறகு விற்றவரிடம் பேச முடியும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தோட்டத்தில் ஏறக்குறைய கால்வாசி மரம் குட்டையாகிப்போனது. கன்று கொடுத்தவர், "இது எங்க கன்னே இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வெள்ளைத் தாளில் எழுதிய துண்டுச் சீட்டைத் தவிர விவசாயியிடம் வேறு ஒன்றும் இல்லை. செல்போனைக் காட்டியவரிடம் இதைச் சொன்னேன். அவர் அங்கிருந்தே அந்த வியாபாரிக்குப் போன் போட்டு, தொகுதி எண் போட்டு பில் தருவீர்களா என்று கேட்டார். பதில் வர நேரமானது. அவர் போனை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.